பயத்தை எப்படிச் செய்கிறார்கள் என்று பாருங்கள்

கேள்வி: எனக்குப் பேய்ப் படங்கள் ரொம்பப் பிடிக்கும். சினிமா தெரிந்த நண்பர்கள் அதையெல்லாம் வெறும் பொழுதுபோக்கு என்கிறார்கள். ஏதாவது சமூகக் கருத்து இருந்தால் மட்டும் "சரி, இது வேற மாதிரி" என்று ஒப்புக்கொள்கிறார்கள். பேய்ப் படத்தை நிஜமாகவே கலை என்று சொல்லலாமா? சொல்லலாம் என்றால் எப்படிப் பார்ப்பது, எதிலிருந்து தொடங்குவது?

பதில்:

தாராளமாகச் சொல்லலாம். ஆனால் நண்பர்கள் போடுகிற நிபந்தனைக்குத் தலையாட்டிவிட்டுச் சொல்லாதீர்கள். "பேய்ப் படம் மாதிரி தெரியும், ஆனால் உண்மையில் இது துக்கத்தைப் பற்றிய படம்" என்று ஒரு படத்தை உயர்த்திப் பேசும்போது, பேய்ப் படமாக அது செய்து காட்டிய வேலையைக் கவனிக்காமலே தாண்டிப் போய்விடுகிறோம். ஒரு படம் நம்மை எப்படிப் பயப்பட வைக்கிறது என்பதில்தான் அதன் கலை இருக்கிறது. அது சொல்ல வந்த விஷயமும் அதற்குள்ளேதான் இருக்கிறது. பொதுவாகப் பேசிக்கொண்டே போனால் இது பிடிபடாது. ஒரு படத்தைப் பிரித்துப் பார்த்துவிடுவோம்.

1942. ஹாலிவுட்டில் ஆர்கேஓ ஸ்டுடியோ பணக் கஷ்டத்தில் இருந்தது. ஆர்சன் வெல்ஸ் அங்கே எடுத்த 'சிட்டிசன் கேன்' பாராட்டை அள்ளியது, பணத்தை அள்ளவில்லை. நிர்வாகம் மாறியது. இனி மேதைகள் வேண்டாம், கூட்டம் சேர்க்கத் தெரிந்தவர்கள் போதும் என்று புதிய நிர்வாகம் வெளிப்படையாகவே அறிவித்தது. மலிவாகப் பேய்ப் படம் எடுக்கத் தனிப் பிரிவு ஒன்றைத் தொடங்கி வால் லூட்டனிடம் ஒப்படைத்தார்கள். யால்டாவில் பிறந்து சிறுவயதிலேயே அமெரிக்கா வந்தவர், தயாரிப்பாளர் டேவிட் செல்ஸ்னிக்கிடம் கதை இலாகாவில் பல வருஷம் வேலை பார்த்தவர். ஸ்டுடியோ போட்ட நிபந்தனைகள் மூன்று. செலவு 1,50,000 டாலரைத் தாண்டக் கூடாது. படம் 75 நிமிஷத்துக்குள் முடிய வேண்டும். தலைப்பை ஸ்டுடியோவே கொடுக்கும். அப்படி முதலில் வந்த தலைப்பு 'கேட் பீப்பிள்'. கதை எதுவும் கிடையாது, பூனை மனிதர்கள் என்று ஒரு தலைப்பு மட்டும்.

வேறு ஒருவராக இருந்தால் முகத்தில் ரோமம் ஒட்டி நாலு பேரை ஓடவிட்டுப் படத்தை முடித்திருப்பார். லூட்டனும் எழுத்தாளர் டிவிட் போடீனும் இயக்குநர் ஜாக் டூர்னரும் வேறு பக்கம் போனார்கள். ஐரீனா என்ற செர்பியப் பெண் நியூயார்க்கில் தனியாக வாழ்கிறாள். மிருகக்காட்சிசாலையில் கருஞ்சிறுத்தைக் கூண்டுக்கு முன்னால் நின்று படம் வரைந்துகொண்டிருக்கும்போது ஆலிவர் என்பவனைச் சந்திக்கிறாள். கல்யாணம் நடக்கிறது. ஆனால் கணவனை அவள் நெருங்கவிடவில்லை. தன் ஊர்ப் பெண்களுக்கு ஒரு சாபம் உண்டு, ஆசையோ ஆத்திரமோ மூண்டால் சிறுத்தையாகிவிடுவோம் என்று அவள் நம்புகிறாள். கணவன் தன்னோடு வேலை செய்யும் ஆலிஸிடம் போய் மனம்விட்டுப் பேசத் தொடங்குகிறான்.

இப்போது படத்தின் புகழ்பெற்ற காட்சிக்கு வருவோம். ராத்திரி, சென்ட்ரல் பார்க்கை ஒட்டிய சாலை. ஒரு பக்கம் கல்சுவர், மேலே மரக்கிளைகள், விட்டு விட்டு விளக்குக் கம்பங்கள். ஆலிஸ் தனியாக நடக்கிறாள். பின்னால் ஐரீனா வருகிறாள். பின்னணி இசை கிடையாது, குதிகால் செருப்பின் சத்தம் மட்டும்தான். ஆலிஸின் கால்கள், கட், ஐரீனாவின் கால்கள், கட். இருவரும் வெளிச்சத்துக்குள் வருகிறார்கள், இருட்டுக்குள் போகிறார்கள். இந்தத் தாளத்துக்கு நம் காது பழகிவிடுகிறது. அப்புறம் ஒரு கட்டத்தில் ஆலிஸின் காலடி மட்டும் கேட்கிறது. பின்னால் வந்த சத்தம் நின்றுவிட்டது. ஆலிஸ் திரும்பிப் பார்க்கிறாள். யாரும் இல்லை. வேகமாக நடக்கிறாள், பிறகு ஓடுகிறாள். ஒரு விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். சட்டென்று சீறல். திரையின் ஓரத்திலிருந்து பாய்ந்து வந்து நிற்கிறது ஒரு பஸ். சீறியது அதன் பிரேக்.

அரங்கமே துள்ளிக் குதித்தது இந்த இடத்தில்தான். அதற்குப் பிறகு இந்த உத்திக்கே 'லூட்டன் பஸ்' என்று பேர் வந்துவிட்டது. இன்றைக்கு ஜன்னல் வழியாகப் பூனை தாவுவது, தோளில் நண்பன் கை வைப்பது எல்லாம் இதன் பேரப்பிள்ளைகள். ஆனால் திடுக்கிடலை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டார்கள். விட்ட இடத்தில்தான் விஷயமே இருக்கிறது. அந்தக் காலடிச் சத்தம் நின்றதே, அதற்கு என்ன அர்த்தம்? ஒரு பெண் சிறுத்தையாக மாறிய தருணம் அது. சிறுத்தை நடந்தால் குதிகால் சத்தம் வராது. உருமாற்றம் முழுவதையும் ஒரு சத்தத்தை நிறுத்தியே காட்டிவிட்டார்கள். ரோமம் ஒட்டவில்லை, பல் வைக்கவில்லை, காசும் செலவாகவில்லை. பஸ் ஏறிப் போன பிறகாவது நமக்கு நிம்மதி உண்டா என்றால் அதுவும் இல்லை. அடுத்து செத்துக் கிடக்கும் ஆடுகளைக் காட்டுகிறார்கள். ஈர மண்ணில் மிருகத்தின் பாதத் தடம் போகிறது. போகப் போக அது பெண்ணின் செருப்புத் தடமாக மாறுகிறது.

எடிட்டர் மார்க் ராப்சன், ஒளிப்பதிவாளர் நிக்கோலஸ் முசுராகா ஆகியோரின் பெயர்களையும் இங்கே சொல்லியாக வேண்டும். கீழ்த்தளத்து நீச்சல் குளத்தில் ஆலிஸ் தனியாக மாட்டிக்கொள்கிற காட்சியைப் பாருங்கள். தண்ணீரில் பட்ட வெளிச்சம் சுவரிலும் கூரையிலும் நெளிகிறது. எங்கேயோ ஓர் உறுமல். எது நிழல், எது மிருகம் என்று கண்ணால் பிரிக்க முடியாது. மிருகத்தைக் காட்டியே தீர வேண்டும் என்று மேலிடம் நெருக்கியதால், ஆலிவரும் ஆலிஸும் அலுவலகத்தில் அகப்படும் காட்சியில் மட்டும் ஒரு நிஜச் சிறுத்தையைக் கொண்டுவந்தார்கள். டூர்னர் அதையும் முடிந்தவரை இருட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டார்.

இனி "கருத்து" என்கிறார்களே, அதற்கு வருவோம். அன்றைய ஹாலிவுட் தணிக்கை விதிகளின்படி உடலுறவைப் பற்றி ஒரு வார்த்தை பேச முடியாது. 'கேட் பீப்பிள்' பேசவில்லை. ஆனால் தன் ஆசையைக் கண்டே நடுங்கும் ஒரு பெண்ணை, தன் பிறந்த ஊரையும் அதன் கதைகளையும் உதற முடியாமல் அந்நிய நகரத்தில் திண்டாடுகிற ஒருத்தியை, அந்தப் படம் அளவுக்கு யாரும் காட்டியதில்லை என்பது என் எண்ணம். கணவன் ஒரு காட்சியில், இதற்கு முன்னால் தனக்குக் கஷ்டம் என்றால் என்னவென்றே தெரியாது என்று வெகுளியாகச் சொல்வான். அந்த ஒரு வசனத்தில் நம் மனம் கட்சி மாறிவிடுகிறது. பயப்படுவது ஆலிஸுக்காக, பரிதாபப்படுவது ஐரீனாவுக்காக. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கிறது. பயத்தை எடுத்துவிட்டு இந்தப் படத்தின் கருத்தை மட்டும் தனியாக எடுத்து வைக்க முடியுமா? முடியாது. மிச்சம் இருப்பது ஒரு சாதாரண முக்கோணக் காதல் கதையாகத்தான் இருக்கும்.

பயம் கீழான உணர்ச்சி, கலைக்கு லாயக்கில்லாதது என்ற நினைப்பு தமிழ் படித்தவர்களிடம் இருப்பதுதான் எனக்கு ஆச்சரியம். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உடம்பில் வெளிப்படும் உணர்ச்சிகளை, சொல்கிறது: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. அச்சத்துக்கு அதில் முழு இடம் உண்டு. எதனால் அச்சம் வரும் என்றும் நூல் வகுத்துச் சொல்கிறது. "அணங்கே விலங்கே கள்வர்தம் இறைஎனப் பிணங்கல் சாலா அச்சம் நான்கே." தெய்வமோ பேயோ ஆன அணங்கு, கொடிய விலங்கு, கள்வர், அப்புறம் நம்மை ஆளுகிற தலைவன். இந்த நான்கையும் கையில் வைத்துக்கொண்டு பயப் படங்களைப் பார்க்கிற பழக்கம் எனக்கு உண்டு, நன்றாகவே உதவுகிறது. 'கேட் பீப்பிள்' முதல் இரண்டையும் ஒரே உடம்புக்குள் வைத்தது. அதனால்தான் அந்தப் பயத்துக்கு ஒரு தனித்தன்மை.

நான்காவது வகைக்கு ஓர் உதாரணம், ஜார்ஜ் ரொமேரோவின் 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' (1968). பிட்ஸ்பர்க் பக்கத்தில் விளம்பரப் படம் எடுத்துக்கொண்டிருந்த இளைஞர்கள் சுமார் 1,14,000 டாலரில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். செத்தவர்கள் எழுந்து வந்து ஆளைத் தின்கிறார்கள். ஒரு பண்ணை வீட்டுக்குள் ஏழு பேர் மாட்டிக்கொள்கிறார்கள். அவர்களில் நிதானமாக யோசிப்பவன் பென். அந்த வேடத்தில் டுவேன் ஜோன்ஸ் என்ற கறுப்பின நடிகர் நடித்தார். திரைக்கதையில் பென்னின் நிறம் பற்றி எதுவும் இல்லை. வந்தவர்களில் நன்றாக நடித்தவர் அவர்தான் என்பதால் எடுத்துக்கொண்டதாக ரொமேரோ எப்போதும் சொல்வார். பென் ஒருவன் மட்டும் விடியும்வரை உயிரோடு இருக்கிறான். காப்பாற்ற வந்த ஷெரீஃபின் ஆட்கள் ஜன்னலில் அவன் தலையைப் பார்த்துச் சுட்டுவிடுகிறார்கள். அதன் பிறகு படம் அசைவதையே நிறுத்திவிடுகிறது. புள்ளி புள்ளியாகச் செய்தித்தாள் புகைப்படம் போல ஒன்றன்பின் ஒன்றாக அசையாப் படங்கள் வருகின்றன. கொக்கியால் அவன் உடலை இழுத்துக் குவியலில் போடுகிறார்கள். அன்றைய அமெரிக்கப் பார்வையாளர்கள் இந்த மாதிரிப் புகைப்படங்களை நாளிதழ்களில் பார்த்துப் பழகியவர்கள். ராத்திரி முழுக்கப் பிணங்களைக் கண்டு பயந்தோம், விடிந்ததும் துப்பாக்கியோடு வரிசையாக வந்த சாதாரண மனிதர்களைக் கண்டு பயப்பட வேண்டியிருக்கிறது. படம் முடிந்து பிரதியை நியூயார்க்குக்குக் காரில் எடுத்துப் போன ராத்திரிதான், கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்ட செய்தி வானொலியில் வந்தது. நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகம் 1970-லேயே இதைத் திரையிட்டது. 1999-இல், பாதுகாக்க வேண்டிய படங்களின் பட்டியலான அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டிலும் சேர்த்தார்கள். 'கேட் பீப்பிள்' 1993-லேயே அந்தப் பட்டியலுக்குள் வந்துவிட்டது.

உங்கள் நண்பர்களின் தயக்கம் ஒன்றும் புதிதல்ல. 1960-இல் ராபின் வுட் என்ற இளைஞர் ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' பற்றி ஒரு கட்டுரை எழுதி, பிரிட்டனின் மதிப்புமிக்க சினிமா இதழான 'சைட் அண்ட் சவுண்ட்'டுக்கு அனுப்பினார். படமே ஒரு வேடிக்கைதானே, அது புரியவில்லையா என்கிற தோரணையில் மறுத்துவிட்டார்கள். பாரிஸில் 'காயே து சினிமா' என்ற சினிமா இதழ் அதை வெளியிட்டது. 1965-இல் அவர் ஹிட்ச்காக் பற்றிப் புத்தகமே எழுதினார். ஹிட்ச்காக்கை ஏன் நாம் பொருட்படுத்த வேண்டும் என்ற கேள்வியோடுதான் அது தொடங்குகிறது. அப்போது இதைக் கேட்டுத்தான் ஆக வேண்டியிருந்தது. பிற்காலத்தில் வுட் பேய்ப் படங்களைப் பற்றி ஒரு சூத்திரம் சொன்னார்: சாதாரண வாழ்க்கையை ஒரு பூதம் வந்து மிரட்டுகிறது. கேட்க எளிமையாக இருக்கும். ஆனால் இதில் "சாதாரணம்" என்று எதைச் சொல்கிறோம், பூதத்துக்கும் அதற்கும் என்ன உறவு என்று கேட்கத் தொடங்கினால் கதவுகள் திறந்துகொள்ளும். ஐரீனாவின் கணவனுடைய "கஷ்டமே தெரியாத" வாழ்க்கையை இதோடு வைத்துப் பாருங்கள்.

'சைக்கோ'வில் ஒரு பெண் குத்திக் கொல்லப்படும் குளியலறைக் காட்சியையே எல்லோரும் பேசுவார்கள். எனக்கு அதற்கு அடுத்த சில நிமிஷங்கள் இன்னும் முக்கியம். அவள் தங்கிய விடுதியை நடத்தும் நார்மன் குளியலறையைத் துடைக்கிறான், துடைப்பத்தை அலசுகிறான், உடலைக் காரில் ஏற்றிச் சதுப்பில் தள்ளுகிறான். பேச்சே கிடையாது. கார் மெல்ல மூழ்குகிறது. பாதியில் நின்றுவிடுகிறது. நார்மன் பதறி அக்கம்பக்கம் பார்க்கிறான். அந்தக் கணத்தில் நமக்கும் மூச்சு நிற்கிறது. முழுகிவிடக் கூடாதா என்று நினைக்கிறோம்! சற்று முன்பு அந்தப் பெண்ணுக்காகத் துடித்த அதே நாம். யாரும் நமக்கு எதையும் போதிக்கவில்லை. ஒரு கார் நின்று மூழ்குவதை வைத்தே நம் அனுதாபம் எவ்வளவு சுலபமாகக் கைமாறும் என்று நமக்கே காட்டிவிட்டார் ஹிட்ச்காக்.

நம் பக்கம் பேய்ப் படம் என்றால் இப்போது பெரும்பாலும் பேயும் காமெடியும் கலந்ததுதான். அந்தக் கலப்பையே குறையாகச் சொல்கிறார்கள், நான் அப்படிச் சொல்ல மாட்டேன். கலிங்கத்துப்பரணியைப் படித்தவர்கள் அப்படிச் சொல்லவும் முடியாது. போர்க்களத்தில் கூழ் சமைக்கக் கிளம்பும் பேய்கள் யானைத் தந்தத்தால் பல் விளக்கும், யானையின் விலா எலும்பால் நாக்கு வழிக்கும். சிரிப்பும் வருகிறது, வயிற்றையும் பிரட்டுகிறது. எத்தனை ஆயிரம் பேர் செத்துக் கிடக்கிறார்கள் என்பது அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் உறைக்கிறது. 12-ஆம் நூற்றாண்டில் ஜெயங்கொண்டார் அரசனைப் புகழ்ந்து பாடிய நூல் இது. இன்றைய படங்கள் பலவற்றில் குறை வேறு இடத்தில் இருக்கிறது. சிரிப்புக்கு ஒரு காட்சி, பயத்துக்கு ஒரு காட்சி என்று பாகம் பிரித்துவிடுகிறார்கள். ஒன்று மற்றொன்றைத் தொடுவதே இல்லை. கடைசி அரை மணி நேரத்தில் பேய்க்கு ஒரு சோகக் கதை வரும், அதில் ஒரு கருத்தும் இருக்கும். அந்தக் கருத்து எவ்வளவு நல்லதாக இருந்தாலும் படத்தின் ஒளியிலும் ஒலியிலும் அதற்கு இடமே இருக்காது. நான் குறை சொல்வது இதைத்தான்.

நன்றாகச் செய்த முன்னோடிகள் நமக்கு இருக்கிறார்கள். ஸ்ரீதரின் 'நெஞ்சம் மறப்பதில்லை' (1963) படத்தில் பாழடைந்த ஜமீன் மாளிகையை ஏ. வின்சென்ட் ஒளிப்பதிவு செய்திருக்கும் விதத்தைப் பாருங்கள். மறு வருஷம் வின்சென்ட் என்ன செய்தார் தெரியுமா என்று கேட்டால் சினிமாக்காரர்களே பலர் முழிப்பார்கள். 1964-இல் மலையாளத்தில் அவர் இயக்கிய முதல் படம் 'பார்கவி நிலையம்'. மூலக்கதை வைக்கம் முகம்மது பஷீரின் 'நீலவெளிச்சம்', திரைக்கதையும் பஷீரே எழுதினார். பேய் இருக்கிறது என்று ஊரே ஒதுக்கிய வீட்டுக்கு ஓர் எழுத்தாளன் குடிவருகிறான். அங்கே செத்துப்போன பார்கவியோடு, கூடவே தங்கியிருப்பவளிடம் பேசுவது போல மரியாதையாகப் பேசத் தொடங்குகிறான். மூலக்கதையில் ஒரு ராத்திரி மண்ணெண்ணெய் தீர்ந்து விளக்கு அணையப் போகிறது. அவன் வெளியே போய் எண்ணெய் வாங்கிக்கொண்டு திரும்புகிறான். அறை முழுக்க நீல வெளிச்சம். விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது. அச்சத்தை இவ்வளவு அன்பாக எழுதியவர் வேறு யாரையும் எனக்குத் தெரியவில்லை. பஷீர் போன்ற ஒருவர் பேய்க் கதையைக் கையில் எடுக்கத் தயங்கவில்லை.

சரி, எப்படிப் பார்ப்பது? முதல் தடவை பயப்படுவதற்காக மட்டும் பாருங்கள், நோட்டுப் புத்தகம் வேண்டாம். இரண்டாம் தடவை, உங்களைப் பிடித்து உலுக்கிய ஒரே ஒரு காட்சிக்குத் திரும்பிப் போங்கள். சத்தத்தை முழுசாக நிறுத்திவிட்டு ஒருமுறை, கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை மட்டும் கேட்டு ஒருமுறை. எந்த நொடியில் பயம் தொடங்கியது, எதைக் காட்டினார்கள், எதைக் காட்டாமல் விட்டார்கள், அப்போது யார் பக்கம் நின்று பார்த்தோம் என்று பாருங்கள். மோசமான படம் இந்தச் சோதனையில் தானாகவே விழுந்துவிடும். சத்தத்தை நிறுத்தினால் அதில் ஒன்றும் மிஞ்சாது. நல்ல படத்தில் ஒவ்வொரு தடவையும் புதிதாக ஏதாவது அகப்படும்.

தொடங்குவதற்கு 'கேட் பீப்பிள்' போதும், 73 நிமிஷம்தான். நண்பர்களோடு சேர்ந்து பார்ப்பதாக இருந்தால் அதே லூட்டன், டூர்னர் கூட்டணியின் 'தி லெப்பர்ட் மேன்' (1943) இன்னும் பொருத்தம். அது 66 நிமிஷம். ஊருக்குள் சிறுத்தை தப்பி அலைகிற ராத்திரியில் ஓர் அம்மா மகளை மாவு வாங்கி வரச் சொல்லி அனுப்புகிறாள். மகள் அலறிக்கொண்டு ஓடிவந்து கதவைத் தட்டும்போது, சாக்குச் சொல்கிறாள் என்று நினைத்துத் திறக்கத் தாமதிக்கிறாள். நிஜம் என்று புரியும்போது தாழ்ப்பாள் திறக்க வரவில்லை. கேமரா கடைசிவரை வீட்டுக்குள்ளேதான் இருக்கிறது. வெளியே நடப்பது நமக்குக் காதில் மட்டும் விழுகிறது. கதவுக்கு அடியில் ரத்தம் வழிந்து வருவது மட்டும்தான் கண்ணுக்குத் தெரிகிறது. அந்தக் காட்சி முடிந்ததும் படத்தை நிறுத்துங்கள். கேமரா ஏன் வெளியே போகவில்லை என்று நண்பர்களைக் கேளுங்கள். அம்மாவைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள், வறுமையைப் பற்றியும் பேசுவார்கள். எல்லாம் அந்தக் கதவிலிருந்துதான் வந்தது என்று அப்போது எடுத்துச் சொல்லுங்கள்.